முதுகு திறந்த கவுன்

கதை விடுகிறாள் என்று நினைப்பவர்கள் இந்த வரியோடு நிறுத்திக்கொள்ளலாம். கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இது நடந்தது. என் வீட்டில், என் கண் முன்னால், என் மகளுக்கு நடந்தது. கல்யாணமாகி எட்டு வருடம் ஏங்கிப் பெற்ற ஒற்றைப் பிள்ளை அவள். சிட்டு என்று கூப்பிடுவோம். அவளுக்கு ஒன்று என்றால் அப்புறம் நான் உயிரோடு இருந்து என்ன பயன்? இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

அப்போது எனக்குத் தையல் பைத்தியம் பிடித்திருந்தது. பழைய துணிக்கடையில் அந்தக் காலத்து உடுப்பாகப் பார்த்து வாங்குவேன். பிரிப்பேன், நமக்கு ஏற்ற மாதிரி தைப்பேன். எல்லாம் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். பழைய துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். அக்குளில் இற்றுப்போயிருக்கிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும். உள்பக்கம் தையலுக்கு எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பேன், கைதான் வராது. என் கணவரின் அக்கா ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ்; அண்ணி என்று கூப்பிடுவேன். நான் தைத்த முதல் தலையணை உறையைப் பார்த்துவிட்டு, "இதுல தலையணை போடணுமா, உருளைக்கிழங்கு போடணுமா?" என்று கேட்டார். அந்த வயிற்றெரிச்சலில்தான் ஒரு நல்ல கவுனாகத் தைத்துக் காட்ட வேண்டும் என்று கிளம்பினேன்.

கடையில் அந்தக் கவுன் கிடைத்தது. சந்தன நிறம், கழுத்தைச் சுற்றி லேஸ், ஆறு வயதுப் பிள்ளைக்கான அளவு. சிட்டுவுக்கும் ஆறு வயது. அக்குளில் கறை இல்லை, எங்கும் கிழிசல் இல்லை. ஒரே குறை, பின்பக்கம் கழுத்திலிருந்து அடிவரை நேராகத் திறந்திருந்தது. கொக்கி இல்லை, பட்டன் இல்லை, பட்டன் ஓட்டைகூட இல்லை. யாரோ பாதியில் விட்டுவிட்டார்கள் என்று நினைத்தேன். கத்துக்குட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? நீளமாக ஒரு நேர்த்தையல், கழுத்துப் பக்கம் ஒரு கொக்கி, அவ்வளவுதான் வேலை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. வெளியே மழை. கணவர் வெளியூர் போயிருந்தார். சாயங்காலம் கால்மிஷினில் உட்கார்ந்தேன். ஊசி உடைந்தது. மாற்றினேன். மறுபடி உடைந்தது. துணி ஒன்றும் தடிமனில்லை... மெல்லிய பருத்திதான். மூன்றாவது ஊசியில் எப்படியோ தைத்து முடித்தேன். என் வழக்கப்படி தையல் கோணல்மாணலாக ஓடியிருந்தது.

இஸ்திரி போட்டேன். பெட்டி கொதித்தது. துணி மட்டும் சில்லென்று இருந்தது. மழைக் குளிர் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

சிட்டு ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்க மாட்டாள். அன்று கவுனைக் காட்டியதும் பேசாமல் போய்க் கட்டிலில் படுத்தாள்.

"எழுந்திருடி. படுத்துக்கிட்டு யாராவது கவுன் போடுவாங்களா?"

"நீயே போட்டு விடும்மா."

கைக்குழந்தைக்குப் போடுவதுபோல் போட்டுவிட்டேன். அளவெடுத்துத் தைத்த மாதிரி அப்படியே பொருந்தியது. பெருமையில் ஒரு போட்டோ எடுத்து அண்ணிக்கு அனுப்பினேன். மணி ஆறேகால்.

உடனே போன் அடித்தது.

"பின்பக்கம் எப்படி இருந்துச்சு?" என்றார் அண்ணி. நலம் விசாரிக்கவில்லை, கிண்டலும் இல்லை.

"திறந்திருந்துச்சு அண்ணி. நான்தான் தைச்சு மூடினேன்."

"கொக்கி? பட்டன்?"

"ஒண்ணுமே இல்ல."



"கையத் தூக்க முடியாதவங்களுக்குத்தாம்மா அப்படித் தைப்பாங்க. படுக்க வச்சு, மேல போட்டு, ரெண்டு பக்கமும் சொருகி விடுவோம். திரும்பக் கழட்ட வேண்டியதில்ல. அதான் கொக்கி கிடையாது."

"புரியல அண்ணி..."

"செத்தவங்களுக்குப் போடுறதும்மா! கழட்டு. முதல்ல அதைக் கழட்டு!"

போனைப் போட்டுவிட்டுத் திரும்பினேன். சிட்டு கண்களை மூடியிருந்தாள். உதடு வெளுத்திருந்தது. கைகள் நெஞ்சின் மேல், ஒன்றின் மீது ஒன்றாக... நான் அப்படி வைக்கவில்லை.

புரட்டிப் போட்டேன். கொக்கி கழலவில்லை. கத்தரிக்கோலை எடுத்து வெட்டினேன். ஈரச் சோப்பில் போவது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. தையல் பிரிக்கிற சின்னக் கத்தியைத் தேடி எடுத்தேன். குனிந்து பார்த்தேன்.

அது என் தையல் இல்லை. நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. பொடிப் பொடியாக, இறுக்கமாக...

டக்.

மூலையில் மிஷின். யாரும் இல்லை. மிதிபலகை ஒரு முறை அசைந்தது.

அடியில் ஒரு தையலை அறுத்தேன்.

டக்.

மேலே ஒரு தையல் விழுந்தது. என் கண் முன்னாலேயே விழுந்தது.

நான் அறுக்க அறுக்க அது தைத்தது. கவுன் இறுகியது. சிட்டுவின் தொண்டையிலிருந்து கீச்சென்று ஒரு சத்தம்...

ஓடிப்போய் மிஷினின் வாரைப் பிடுங்கி எறிந்தேன். சக்கரம் நின்றது.

சத்தம் நிற்கவில்லை.

டக்... டக்... டக்...

"விடு! என் பிள்ளையை விட்டுடு!"

யாரிடம் கத்தினேன்? தெரியாது.

அவள் முதுகு ஏறி இறங்கவில்லை.

பல்லால் கடித்தேன். துணியைக் கடித்து இழுத்தேன். ஈறு கிழிந்து ரத்தம்...

சர்ர்ர்ர்...

கிழிந்தது.

சத்தம் நின்றது.

அவள் மூச்சும்...

மல்லாத்தி, நெஞ்சில் காது வைத்துக் கேட்டேன். ஒன்றுமில்லை. உலுக்கினேன். ஒன்றுமில்லை. "சிட்டு... அம்மாடி... எழுந்திருடி..." தலையில் அடித்துக்கொண்டு கதறினேன்.

எழுந்தாள்.

கையை ஊன்றாமல், நேராக எழுந்து உட்கார்ந்தாள்.

"பசிக்குதும்மா."

கட்டிப்பிடித்து அழுதேன், சிரித்தேன். போன உயிர் திரும்பி வந்தது என்று நினைத்தேன்.

கிழிந்த கவுனை வீட்டில் வைத்திருக்க மனம் ஒப்பவில்லை. ஒரு பையில் சுருட்டிக்கொண்டு, பதறி ஓடிவந்த அண்ணியிடம் சிட்டுவை விட்டுவிட்டு, மழை விட்டதும் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா, அது பின்தெருவில் ஒரு வீட்டிலிருந்து மூட்டையாக வந்தது என்று வழி சொன்னார். அங்கேயும் போனேன். மெலிந்த ஒரு பெண்மணி கதவைத் திறந்தார். பையிலிருந்து துணியை எடுத்துக் காட்டியதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார். உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"என் பொண்ணுக்குத் தைச்சது. இருபது வருஷம் ஆகப்போகுது. டாக்டர் எல்லாம் முடிஞ்சுபோச்சுன்னு சொல்லிட்டாரு. நான்தான் என் கையால போட்டு விட்டேன்."

"ஐயோ..." என்றேன். கண் கலங்கிவிட்டது.

"அழாதீங்க. போட்டு முடிச்சதும் எழுந்து உட்கார்ந்துட்டா."

எனக்கு அப்போதுதான் மூச்சே வந்தது. "நல்ல சேதிதானேம்மா! அப்போ பொண்ணு இப்போ..."

அவர் முகத்தில் சிரிப்பில்லை. உள்ளறைத் திரையைப் பார்த்தார். "எழுந்தது என் பொண்ணு..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

திரை விலகியது. இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண் தண்ணீர் டம்ளரோடு வந்தாள். எனக்குப் பிள்ளை இருப்பதாக அந்த வீட்டில் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் டம்ளரை நீட்டினாள். சொந்தக்காரியை விசாரிப்பதுபோல் பிரியமாகக் கேட்டாள்.

"உங்க வீட்டுல அவ எப்படி இருக்கா? புது இடம் இல்லையா... பழகக் கொஞ்ச நாளாகும்."

அன்று என் வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றேன். உள்ளே அவள் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். கதவைத் தட்டி, எந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை.