மாமா எண்ணிய அடிகள்

எனக்கு எழுபது வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து, ஏழு பேரையும் படிக்க வைத்தேன். நான் மட்டும் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஏன் நின்றேன் என்று பேத்தி கேட்டாள். சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். நான் மக்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். கணக்கில் வகுப்பிலேயே நான்தான் முதல்.

என் சின்ன மாமா அறுகம்பேயில் ஒரு வெள்ளைக்காரனிடம் கமராவுக்கு சூம் லென்ஸ் வாங்கி வந்தார். கல்முனையில் வேறு எவரிடமும் அப்படி ஒன்று இல்லையாம். "நம்மட கண்ணு பிழைக்கும், இது பிழைக்காது" என்று தெருவெல்லாம் பெருமையடித்தார். அதைச் சோதித்துப் பார்க்க ஒரு நாள் அஸர் தொழுகைக்குப் பிறகு, பின்னேரம், என்னைக் கடற்கரைக்குக் கூட்டிப் போனார். எனக்குப் பதினொரு வயது.

"போ புள்ள, இன்னும் போ. நான் கையக் காட்டுற மட்டும் நட."

அவர் விரல் அளவுக்குச் சிறுத்துப் போனபோதுதான் கையைக் காட்டினார். நின்றேன். எனக்குப் பின்னால், இன்னும் வெகு தூரத்தில், தோணியடியில் ஒரு வாலிபன் வலையை உதறிக்கொண்டிருந்தான். அவன் முகம்கூட எனக்குத் தெரியவில்லை.

படம் கழுவி வந்தது. அதில் அவன் என்னோடு ஒட்டி நிற்கிறான். அவன் கை என் தோளில் கிடக்கிறது!

படம் உள்ள வீட்டுக்கு மலக்குமார், அதான் வானவர்கள், வரமாட்டார்கள் என்று ஒரு கலண்டரைக்கூட மாட்ட விடாதவர் என் வாப்பா. அந்த ஒரு படத்தை மட்டும் அப்படியே நம்பினார்.

"ஆரு இவன்?"

"தெரியா வாப்பா. வல்லாஹி, நான் தனியத்தான் நிண்ட. வாங்க, நிண்ட இடத்தக் காட்டுறன்."

"படத்தில இரிக்கிறத இல்லை எண்டு கதைக்கியா?"

கடற்கரை கூப்பிடு தூரம். ஒருவரும் எழுந்து வரவில்லை. வாப்பா மாமாவைப் பார்த்தார்.

"நீதானே மச்சான் எடுத்த. சொல்லு."

"லென்ஸ் பிழைக்காது மச்சான்" என்றார் மாமா, நிலத்தைப் பார்த்தபடி.

அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. அவருக்குத் தன் லென்ஸின் மானம் பெரிது.

மறுநாள் வேலி ஓட்டையால் பார்த்தேன். மாமா தனியாக, நான் நின்ற இடத்திலிருந்து தோணி வரைக்கும், குனிந்த தலையோடு, ஒரே அளவாய் அடி வைத்து நடந்தார். உதடு அசைந்தது. திரும்பி வந்து இன்னொரு தரமும் நடந்தார். லென்ஸ் மூடியைத் தொலைத்துவிட்டார் போல, பாவம் என்று நினைத்தேன். ஓடிப்போய்த் தேடிக் கொடுக்க ஆசையாக இருந்தது. வெளியில் விட்டால்தானே!

போன மாதம் பேத்தி அதே கரையில் நின்று, தூரத்தை இழுத்து எடுத்த படம் ஒன்றைத் தன் போனில் காட்டினாள். எங்கோ எங்கோ கிடந்த இரண்டு தோணிகள் அதில் முட்டிக்கொண்டு நின்றன. அப்போதுதான் எனக்கு விளங்கியது. மாமா மூடியைத் தேடவில்லை. எண்ணியிருக்கிறார். எத்தனை அடி என்று தெரிந்துகொண்டே வீட்டுக்கு வந்து, என் உம்மா ஆக்கிய சோற்றைத் தின்றிருக்கிறார். மௌத்தாகும் வரைக்கும் வாய் திறக்கவில்லை.

எழுதிட்டியா புள்ள? அவர் அடி எண்ணின இடத்த வாசி, பாப்பம். சத்தமா வாசி. அடுத்த வளவில இரிக்கிற மாமாட புள்ளைகளுக்கும் கேக்கட்டும்.