பெட்ஷீட் மூலையில மஞ்சா

பெருநகர்ல எங்க வூட்டுல எட்டு தறி ஓடிக்கினு இருந்த காலம். எழுபதுகளோட கடைசி. எங்க வூட்டுக்காரரு பருத்தியில பெட்ஷீட்டு நெய்யறவரு. வெளிநாட்டுலேருந்து மொத மொதல்ல ஒரு ஆர்டர் வந்துது, எல்லாம் வெள்ளை. கடன் கேக்க உத்திரமேரூர் பேங்குக்கு நானும் கூடப் போனேன்.

"நாட்டுக்கு டாலர் வேணும்மா. ஏற்றுமதிக்குன்னா கொறஞ்ச வட்டிக்குக் குடுக்கச் சொல்லிக் கவர்மென்டே சொல்லுது"ன்னாரு மானேஜர். "வாங்கறவன் திவாலானாலும் சரி, அங்க யுத்தம் வந்தாலும் சரி, அந்த நாட்டுல சரக்கை உள்ள வுடலைன்னாலும் சரி, கவர்மென்ட் இன்சூரன்ஸ் குடுத்துடும்."

"நம்ம சந்தையில விக்கறதுக்கும் இதே வட்டிதானா சார்?"

"அதுக்குக் கெடையாதும்மா."

அடப்பாவிங்களா! நம்ம ஊரு ஆளு போத்திக்கினா ஒரு வட்டி, வெள்ளக்காரன் விரிச்சுப் படுத்தா ஒரு வட்டியா? வயிறு எரிஞ்சுது. ஆனா சொந்தப் பங்காளியே நம்பாத எங்க வூட்டுக்காரரை ஒரு கவர்மென்ட் நம்புதேன்னு கண்ணும் கலங்கிடுச்சு. வூட்டுப் பத்திரத்தைக் குடுத்துட்டுக் கடன் வாங்கினோம்.

நெசவு முடிஞ்சதும் பரிசோதனைக்காரரு வந்து பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்து, ஒரு குத்தமும் இல்லைன்னு எழுதிக் குடுத்தாரு. மறுநாள் காலையில மூட்டை கட்டணும். நான் மஞ்சாவைக் குழைச்சு எடுத்துக்கினு வந்து உக்காந்தேன்.

"வெள்ளக்காரனுக்கு இன்னாத்துக்கு மே மஞ்சா? வுடு"ன்னாரு அவரு.

எனக்குச் சுர்ருன்னு ஏறிடுச்சு. "புதுத்துணியை மூளியாவா அனுப்புவ? வாங்கறவன் வூடு நல்லா இருக்க வேணாமா? சும்மா இருய்யா!"

மனுசன் அடங்கிட்டாரு. ஒண்ணு வுடாம, எல்லாத்துக்கும் மூலையில ஒரு பொட்டு வெச்சேன்.

மூணு மாசம் கழிச்சு மானேஜர் ஆள் அனுப்பினாரு. ரெண்டு பேரும் போனோம். அவரு மேஜை மேல எங்க பெட்ஷீட்டு ஒண்ணு கெடந்துது. கப்பல் ஈரத்துல மஞ்சா ஊறி, மடிப்புக்கு மடிப்பு எறங்கி, உள்ளங்கை அகலத்துக்குப் பரவியிருந்துது. அத்தனையும் கறை, ஒண்ணும் வேணாம்னு எழுதிட்டானாம் வாங்கினவன்.

"இன்சூரன்ஸ் கீதே சார்?"ன்னேன்.

"சரக்குல குத்தம்னா அதுல வராதும்மா."

"யுத்தம் வந்தாக்கூடக் குடுப்பாங்கன்னீங்களே!"

"யுத்தத்துக்குக் குடுப்பாங்க. கறைக்குக் கெடையாது."

வூடு கண்ணு முன்னாடி நின்னுது. மானேஜர் எழுந்து நின்னு கத்தினாரு. "பரிசோதனை முடிஞ்ச சரக்குல கை வெச்சது எவன்யா?"

பேங்க்ல இருந்தவங்க எல்லாம் திரும்பிப் பார்த்தாங்க. நான் நாக்கை ஈரம் பண்ணிக்கினேன்.

"நான்தான் சார்"ன்னாரு எங்க வூட்டுக்காரரு. "புத்தி கெட்டுப் போய் வெச்சுட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. பொய்யே பேசத் தெரியாத மனுசன்! மானேஜர் வாய்க்கு வந்தபடி திட்டினாரு. அவரு தலையைக் குனிஞ்சுக்கினு எல்லாத்தையும் வாங்கிக்கினாரு. குழாயடியில சண்டைன்னா தெருவையே கூட்டற வாய் என்னுது. 'அவரு வேணாம்னாரு, நான்தான் வெச்சேன்'னு சொல்ல அன்னைக்கு அது திறக்கல.

வூடு போச்சு. எட்டு தறியில ஆறு போச்சு. கப்பலுக்கு மஞ்சா வெச்சவன்னு அவரு சாகற வரைக்கும் ஊரு சொல்லிச் சிரிச்சுது. பக்கத்துலயே நின்னு நானும் கேட்டுக்கினு இருந்தேன்.