வெறுந்தொட்டிலோடு சண்டிலிப்பாய்க்கு

அன்று காலை பத்தேகால் மணிக்கு எங்கள் வீட்டில் சத்தம் நின்றது. மனைவி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தாள். விமானத் தாக்குதலுக்குப் பயந்து நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் பூட்டியிருந்ததால் வீட்டில் நின்று அடுப்புக்கு விறகு பிளந்துகொண்டிருந்தேன். உள்ளே தொட்டிலில் மகள் தன் பாட்டில் கதைத்துக்கொண்டு கிடந்தாள். அந்தக் கதை திடீரென்று நின்றதும் விறாந்தைச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. பிறகுதான் அறைக்குள் ஓடினேன்.

அவள் அழவில்லை. அழ முடியாதபடி தொங்கிக்கொண்டிருந்தாள். கால்கள், இடுப்பு, நெஞ்சு எல்லாம் தொட்டில் கம்புகளின் இடைவெளியால் வெளியே வந்துவிட்டன. தலை மட்டும் உள்ளே. நாடிக்குக் கீழே, கழுத்தில் கம்புகள் இறுகியிருந்தன. முகம் நாவற்பழ நிறம். ஒரு கையால் உடம்பைத் தாங்கிக்கொண்டு வந்த வழியே திரும்பத் தள்ளினேன். இடுப்பு போனது. ஒரு தோள் போனது. மற்றத் தோள் போக மறுத்தது. அதுவும் போன பிறகு அவள் போட்ட கத்தலைப் போல இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை.

அது அக்காவின் தொட்டில். கடைந்த கம்புகள் வைத்த பழைய மரத்தொட்டில். சண்டிலிப்பாயில் அவளுடைய ஐந்து பிள்ளைகளும் அதில்தான் வளர்ந்தார்கள். நாற்பதைத் தாண்டி எங்களுக்கு ஒரு பிள்ளை கிடைத்தபோது, தானே வண்டில் பிடித்துக் கொண்டுவந்து இறக்கினாள். அதுவரை உத்திரத்தில் சேலை கட்டிய ஏணையில்தான் பிள்ளை தூங்கினாள். தவழத் தொடங்கியதும் ஏணை உதவவில்லை. நிலத்தில் விட்டால் அடுப்படிக்குப் போவாள், இல்லாவிட்டால் வாசற்படியால் விழுவாள். தொட்டில் வந்த பிறகுதான் என் மனைவிக்கு இரண்டு கைகளும் கிடைத்தன. அதை நான் மறுக்கவில்லை.

தொட்டில் இறங்கிய அன்றே என் கையை முட்டியாக மடக்கிக் கம்புகளுக்கு இடையில் விட்டுப் பார்த்தேன். தாராளமாகப் போனது.

"அக்கா, இடைவெளி பெரிசாக் கிடக்கு."

"உன்ரை கை போகும். பிள்ளையின்ரை தலை போகாது. ஐஞ்சு பிள்ளை வளந்த ராசியான தொட்டிலடா. இதுக்கும் அளவுகோல் கொண்டு வந்திட்டார் வாத்தியார்."

அக்கா சொன்னது சரி. தலை போகவில்லை. உடம்புதான் போனது.

பிள்ளை தேறியதும் மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இஞ்சாருங்கோ, பழஞ்சீலையைச் சுத்திக் கட்டிவிட்டால் காணும். தொட்டில் தந்த மச்சாளோடை ஆர் கதைக்கிறது?"

"சீலை அவிழும்."

பக்கத்து வீட்டு மாமி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "குண்டு விழுற ஊரிலை தொட்டில் கம்பைக் கண்டு பயப்பிடுற மனுசனை இப்பத்தான் பாக்கிறன்."

"குண்டை என்னாலை மறிக்கேலாது மாமி. இதை மறிக்கலாம்" என்றேன்.

அன்றைக்குச் சொன்னதைத்தான் இன்றைக்கும் சொல்கிறேன். வானத்திலிருந்து வருவதற்குப் பதுங்க பங்கர்க் குழி வெட்டினோம். வீட்டுக்குள் இருப்பதற்கு மட்டும் ராசியை நம்ப வேண்டுமாம். பெரிய ஆபத்து இருக்கிறதென்று சின்ன ஆபத்துக்கு யாரும் விடுமுறை கொடுக்க முடியாது.

என் தொட்டிலாக இருந்திருந்தால் விறகு பிளந்த கோடாலியாலேயே முடித்திருப்பேன். ஆனால் அக்காவின் மூத்த மகளுக்கு அது பிள்ளைப்பேற்று மாசம். பிள்ளை பிறந்ததும் தொட்டில் அவளுக்குப் போகும் என்று ஏற்கெனவே பேச்சு. இன்னொரு கழுத்து அதற்குள் போவதற்கு முன் அக்காவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தொட்டிலைச் சைக்கிள் கரியரில் கயிறு போட்டுக் கட்டினேன்.

மனைவி படலையில் கையை விரித்து மறித்தாள். "பிள்ளை இருக்கிற வீட்டிலையிருந்து தொட்டிலை வெறுமையா வெளியிலை கொண்டு போறதே? ஒரு தேங்காயையாவது வையுங்கோ."

"தேங்காய் கறிக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு மிதித்தேன்.

அவள் பயந்தது எதற்கென்று கொக்குவிலைத் தாண்டும்போதுதான் விளங்கியது. எதிரே வந்தவர் ஒருவர் சைக்கிளை விட்டு இறங்கி, தோளிலிருந்த துவாயை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மரண ஊர்வலம் போகும்போது நிற்கிற நிலை அது. தேத்தண்ணிக் கடையிலிருந்த ஒருவர் எழுந்து வந்து என் கைபிடியைப் பிடித்தார்.

"எங்கை தம்பி, செல் விழுந்ததிலையோ? காய்ச்சலோ?"

"பிள்ளை சுகமாயிருக்குது. தொட்டில்தான் சரியில்லை."

அவர் என்னை நம்பவில்லை. "ஓம், ஓம். மனதைத் தளர விடாதை" என்று முதுகைத் தடவினார்.

கேட்டவர்களுக்கெல்லாம் உரத்துச் சொன்னேன். மானிப்பாயில் ஒரு பெண்மணி கேட்கவே இல்லை. புருசனின் சைக்கிளில் பின்னால் இருந்தவர், தொட்டிலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், முன்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அந்தச் சைக்கிள் என்னை முந்திக்கொண்டு போனது. அவர் அக்காவின் அயலவர் என்பது எனக்குத் தெரியாது. நடுவில் விமானம் இரைந்தது. தெருவில் நின்றவர்களோடு நானும் புகையிலைத் தோட்டத்துக்குள் படுத்துக் கிடந்துவிட்டுத்தான் திரும்ப மிதித்தேன்.

அக்கா வீட்டு முற்றத்தில் சனம் நின்றது. அத்தான் சாய்மனைக் கதிரையிலிருந்து எழும்ப முயன்றார். வாதக் கால் விடவில்லை.

"என்ன மனுசனடா நீ? பிள்ளையைச் சாகக் குடுத்துப்போட்டுத் தொட்டிலைக் கொண்டு திரியிறாய்!"

"அத்தான், பிள்ளைக்கு ஒண்டுமில்லை. வீட்டிலை இருக்கிறாள்."

"உன்ரை அக்கா ஒப்பாரி வைச்சுக்கொண்டு திருநெல்வேலிக்கு, உன்ரை வீட்டுக்கு ஓடிப்போட்டாளடா!"

யாரோ அவளைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு சுதுமலை ஒழுங்கைகளால் போயிருக்கிறார்கள். நான் பெருந்தெருவால் வந்துவிட்டேன். இனிப் பின்னால் போனால் இன்னொரு முறை தவறிப்போகும். முற்றத்துச் சனம் என்னை ஏசிக்கொண்டே கலைந்தது. "விசர் வாத்தி" என்று ஒருவர் எனக்குக் கேட்கவே சொன்னார். சொல்லட்டும். தொட்டிலை முற்றத்தின் நடுவில் இறக்கி வைத்துவிட்டு அதற்குப் பக்கத்திலேயே நின்றேன். அத்தான் சொல்லி உள்ளேயிருந்து வந்த தேநீரைக்கூட நின்றபடிதான் குடித்தேன். அக்கா வந்து என்ன ஏசினாலும் இதை இன்னொரு பிள்ளைக்குக் கொடுக்க விடமாட்டேன். காலில் விழுந்தாவது, கையைப் பிடித்தாவது. அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைக்காவிட்டால் கதைக்காமல் இருக்கட்டும்.

வெயில் தணிந்த பிறகு அக்கா வந்து சேர்ந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. சைக்கிளிலிருந்து இறங்கியவள் நேரே வந்து என் கன்னத்தில் ஒரு அறை விட்டாள். பிறகு தொட்டிலைச் சுற்றி நடந்தாள். கையை மடக்கி, முட்டியைக் கம்புகளுக்கு இடையில் விட்டுப் பார்த்தாள். எடுத்தாள். அடுத்த இடைவெளியிலும் விட்டுப் பார்த்தாள்.

"போற வழி முழுக்க அவளை நான் சாகக் குடுத்துக்கொண்டே போனனான்" என்றாள். "உயிரோடை பாத்தன். கழுத்திலை கிடக்கிற தடத்தையும் பாத்தன்."

நான் வாய் திறக்கப் போனேன். கையைக் காட்டி மறித்தாள்.

"கோடாலி மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னாலை கிடக்கு. எடுத்துக்கொண்டு வந்து தா. நீ கொத்தாதை. நான் கொத்துறன்."