சாருஜாவுக்கு வராத அம்மாள் வருத்தம்

குணலட்சுமியின் வாய்க்கு அளவெட்டியில் எல்லாருக்கும் பயம். தண்ணீர் இறைக்கிற முறையில் ஏமாற்றப் பார்த்த பக்கத்துத் தோட்டக்காரர் அவளைக் கண்டால் இன்றைக்கும் சைக்கிளை ஒழுங்கைக்குள் திருப்பிவிடுவார். புருசன் பஞ்சலிங்கம் நேர்மாறு. ஆர் என்ன சொன்னாலும் 'ஓம்' என்று தலையாட்டுவார், அதை மறுத்துச் சொல்ல வருகிறவனுக்கும் ஓம்தான். கலியாணம் கட்டிப் பதினொரு வருசம் பிள்ளையில்லாமல் இருந்து, கடைசியில் ஒரே பிரசவத்தில் இரண்டு. வாகீசன் முன்னால் வந்தான், சாருஜா ஒன்பது நிமிசம் பின்னால். அந்த ஒன்பது நிமிசத்தை இவள் இன்னும் எட்டிப் பிடிக்கவில்லை என்று பஞ்சலிங்கத்தின் தமக்கை ஒருநாள் பகிடி விட்டா. அன்றைக்கு ஊற்றின தேத்தண்ணீர் அவவுக்குக் கிடைக்கவில்லை.

போன வருசம் இரண்டு பேரும் ஐந்தாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்பென்றால் புலமைப்பரிசில் சோதினை. எங்கடை சனத்துக்குப் பத்து வயதுப் பிள்ளை இருநூறுக்கு எடுக்கிற புள்ளிதான் சாதகம், குலம், கௌரவம் எல்லாம். சுவாமி வீதி சுற்றும்போதுகூடப் பின்னால் வருகிற தாய்மார் மாடல் பேப்பர் புள்ளிதான் கதைப்பார்கள். விடிய ஒரு ரியூசன், பள்ளிக்கூடம் விட்டு ஒரு ரியூசன். இடையில் பிள்ளை பந்தைத் தொட்டுவிட்டால் வீடு செத்தவீடு.

வாகீசன் மாடல் பேப்பரில் நூற்றறுபதுக்குக் கீழே இறங்கமாட்டான். சாருஜா ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் நிற்பாள். ஆனால் பேப்பரைப் பாதியில் விட்டு எழும்புகிற பழக்கம் அவளுக்கு இல்லை. கடைசிக் கேள்வி வரைக்கும் ஏதாவது எழுதிவிட்டுத்தான் வருவாள். சோதினைக்கென்று இரண்டு புதுப் பென்சில் வாங்கி, சீவி, ஒரு மாதத்துக்கு முன்னமே பிள்ளையார் படத்துக்கு முன்னால் வைத்திருந்தாள்.

இவர்கள் படித்த சின்னப் பள்ளிக்கூடத்தின் அதிபர் மார்க்கண்டுவுக்கு இருந்த ஒரே வருத்தம், நூறு வீதச் சித்தி. எழுதுகிற பிள்ளைகள் எல்லாரும் எழுபதுக்கு மேல் எடுத்தால் வாசலில் பனர் கட்டலாம், அதில் தன் படத்தையும் போடலாம். அதற்கு ஒரு வழி, பிள்ளைகளைப் படிப்பித்து எழுபதுக்குக் கொண்டுவருவது. அதில் வேலை கூட. மற்ற வழி, எழுபது எடுக்காத பிள்ளையைச் சோதினைப் பக்கமே விடாமல் பண்ணுவது. மனுசன் சுகமான வழியைப் பிடித்தார். வகுப்பில் மொத்தம் ஏழு பிள்ளைகள். ஆறு பேர் தேறுவார்கள். மிச்சம் சாருஜா.

சோதினைக்கு எட்டு நாள் இருக்க, அதிபர் மோட்டார் சைக்கிளில் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருந்து, வாகீசனைப் பற்றி அரைமணித்தியாலம் புகழ்ந்தார். பிறகு குரலைக் குறைத்து, சாருஜா பாவம், சின்ன மூளை, ஏன் போட்டு வதைப்பான் என்றார். எழுதத்தான் வேண்டும் என்று சட்டமில்லையாம். ஆனால் பேர் கொடுத்தாயிற்று, வராததுக்கு ஒரு காரணம் வேண்டுமாம். அதையும் அவரே யோசித்துக்கொண்டு வந்திருந்தார். அம்மாள் வருத்தம், அதுதான் அம்மை. டொக்ரரின் துண்டுச்சீட்டுக் கேட்கமாட்டார்கள், படலையில் இரண்டு கொப்பு வேப்பிலையைச் செருகிவிட்டால் ஒருத்தரும் உள்ளே வந்து பார்க்கவும் மாட்டார்கள். நாளைக்கே கட்டிவிடச் சொன்னார். பஞ்சலிங்கம் ஓம் என்றார்.

குணலட்சுமி தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனாள். போகிற வழியில் பார்த்தால், பிள்ளையார் படத்துக்கு முன்னால் பென்சில்களைக் காணவில்லை. சாருஜா அவற்றை வாகீசனின் பெட்டிக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"அவனுக்கு உதவுந்தானே அம்மா" என்றாள்.

குணலட்சுமிக்கு நெஞ்சு பற்றியெரிந்தது. உவனும் ஒரு அதிபர், உவனுக்கும் ஒரு கதிரை. படிப்பிக்க வக்கில்லாதவன் பத்து வயதுக் குஞ்சை நோயாளியாக்கி ஒளிக்கச் சொல்லுகிறான், அதுவும் அம்மாளின் பேரில். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறதுக்குள் அவளுக்கு யோசனை ஓடிவிட்டது.

அடுத்தநாள் காலமை பஞ்சலிங்கத்தை வேம்பில் ஏற்றினாள். படலையே மறைகிற அளவுக்கு வேப்பிலை கட்டினாள். மீன்காரனை வரவேண்டாம் என்றாள், தாளிப்பை நிற்பாட்டினாள். அயலட்டைச் சனம் இளநீரைக் கொண்டுவந்து படலைக்கு வெளியே வைத்துவிட்டுப் போனது. சாருஜா வீட்டில் நின்றாள். வாகீசனும் நின்றான்.

பத்து மணிக்கெல்லாம் மார்க்கண்டு அதிபர் பறந்து வந்தார். வேப்பிலையைக் கண்டு ரோட்டிலேயே நின்றுவிட்டார், பழக்கதோசம். தானே கட்டச் சொன்ன பொய்யைத் தாண்டி உள்ளே வர மனுசனுக்குக் கால் வரவில்லை. வாகீசன் ஏன் வரவில்லை, இன்றைக்கு முக்கியமான பேப்பர் என்று படலைக்கு மேலால் எட்டிக் கேட்டார். வருத்தம் சாருஜாவுக்குத்தானே என்று மெல்ல ஞாபகப்படுத்தினார்.

"அம்மாள் வீட்டுக்கெல்லோ வந்திருக்கிறா, சேர்" என்றாள் குணலட்சுமி, ஒழுங்கை முழுக்கக் கேட்க. "மூண்டாம் தண்ணி வார்க்குமட்டும் இந்த வளவாலை ஒருத்தரும் வெளிக்கிடமாட்டம். உங்கடை வீட்டிலை எப்பிடியோ எனக்குத் தெரியாது."

அம்மை இறங்கி மூன்றாம் தண்ணீர் வார்ப்பதற்குள் சோதினை முடிந்துவிடும். அது மார்க்கண்டுவுக்கும் தெரியும். நூற்றறுபது புள்ளி வேப்பிலைக்குப் பின்னால் நின்று கச்சான் கடலை தின்றுகொண்டிருந்ததை அவர் கண்ணாலேயே பார்த்தார். இது சும்மா ஒரு ஏற்பாடுதானே பிள்ளை என்று கிசுகிசுத்தார். அப்படியென்றால் பொய்யென்று ரோட்டில் நின்று சொல்லுங்கோ, அவிழ்க்கிறேன் என்றாள் அவள். ஒழுங்கையில் அதற்குள் நாலைந்து தலை தெரிந்தது. அதிபர் அந்தத் தலைகளைப் பார்த்தார், வாகீசனைப் பார்த்தார். கடைசியில் இரண்டு பேரும் வரட்டும் என்றார், தன் தொண்டைக்குள்ளேயே. அவிழ்க்கிற வேலையையும் அவரிடமே விட்டாள். அவர் தன் கையால் கொப்புக் கொப்பாகக் கழற்றினார். சனத்துக்கு வியர்க்குரு என்று சொல்லிச் சமாளித்தாள். அம்மாளிடம் மட்டும், தாயே, பொய் சொன்னது பிழைதான், தொடக்கினது நான் இல்லை என்று கும்பிட்டுக்கொண்டாள்.

இரண்டு பேரும் எழுதினார்கள். பென்சிலும் ஆளுக்கொன்று. சோதினை முடிந்து வந்த கையோடு பஞ்சலிங்கம் போனில் ஒரு படம் எடுத்தார். வாகீசனின் தோளில் சாருஜா கை போட்டு, பல்லெல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

வாகீசனுக்கு நூற்றைம்பத்தெட்டு, வெட்டுப்புள்ளிக்கு மேலே. சாருஜாவுக்கு அறுபத்துமூன்று. மாடல் பேப்பரில் ஒருநாளும் எடுக்காத புள்ளி என்று அவள் வளவைச் சுற்றி ஓடினாள். அதிபரின் நூறு வீதம் போய்ச்சேர்ந்தது. ஆனாலும் பனர் ஆசை விடவில்லை. 'எமது ஆறு நட்சத்திரங்கள்' என்று அடிக்கப் படம் கேட்டு ஆள் அனுப்பினார். குணலட்சுமி அந்தப் படத்தைத்தான் கொடுத்தாள், இருக்கிறபடியே போடவேண்டும் என்ற சொல்லோடு.

பனர் பள்ளிக்கூட வாசலில் ஏறியது. மார்க்கண்டுவின் தலை ஆறு பிள்ளைகளின் தலையையும் சேர்த்த அளவில். வாகீசன் மூன்றாவது. அவன் தோளில் நீலக் காப்புப் போட்ட ஒரு சின்னக் கை கிடந்தது. கைக்குச் சொந்தக்காரியை வெட்டியாயிற்று.

பிள்ளைகளோடு சந்தைக்குப் போகிற வழியில்தான் குணலட்சுமி அதைக் கண்டாள். சாருஜா கொஞ்சநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, அது என்ரை கை" என்றாள்.

குணலட்சுமி சைக்கிளைச் சாத்திவிட்டு, கூடையில் கிடந்த வெங்காயக் கத்தியை எடுத்தாள். மதிலில் ஏறி வாகீசனையும் கையையும் சேர்த்துச் சதுரமாக வெட்டினாள். அதிபர் உள்ளேயிருந்து ஓடிவந்து, என்ன செய்கிறாய் பிள்ளை என்று கத்தினார்.

"அம்மாள் வந்த பிள்ளையின்ரை கையெல்லோ, சேர். ரோட்டிலை கிடந்தால் உங்களுக்கும் ஒட்டிப்போடும்."

மிச்சப் பனர் நடுவில் ஓட்டையோடு மழைக்காலம் வரைக்கும் தொங்கியது. வெட்டின துண்டைச் சாருஜா வீட்டுச் சுவரில் ஒட்டினாள். பிறகு அந்தச் சோதினைப் பென்சிலை எடுத்து, கை முடிந்த இடத்திலிருந்து மிச்சப் பிள்ளையைச் சுவரிலேயே கீறினாள். முகம், இரட்டைப் பின்னல், சட்டை, பல்லெல்லாம். தமையனைவிடக் கொஞ்சம் உயரமாகவே கீறினாள். வெள்ளையடித்து ஆறு மாதம்கூட ஆகாத சுவர். குணலட்சுமி பார்த்துக்கொண்டு நின்றாள், பென்சில் மழுங்கினதும் வாங்கிச் சீவிக் கொடுத்தாள்.