கடைசி உருண்டை

என் அப்பா உத்திராபதி கடலூரில் மின்வாரிய லைன்மேனாக இருந்தார். சென்ற பிப்ரவரியில் இறந்தார். வயது ஐம்பத்து மூன்று. அவரைத் தெரிந்தவர்கள் முதலில் சொல்வது அவருடைய எடையைத்தான். நானும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது.

எனக்கு நான்கு வயதில் மூளைக்காய்ச்சல் வந்தது. அரசு ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கண் திறக்கவில்லையாம். ஐந்தாம் நாள் அம்மா வேண்டிக்கொண்டாள். ஸ்ரீமுஷ்ணம் போகும் வழியில் எங்கள் குடும்பம் கும்பிடும் பெருமாள் கோயில் ஒன்று உண்டு. அங்கே துலாபாரம் கொடுப்பார்கள். பெரிய தராசின் ஒரு தட்டில் ஆளை உட்காரவைத்து, மறு தட்டில் எடைக்கு எடை வெல்லம் வைப்பது. வழக்கமாகப் பிழைத்த பிள்ளையைத்தான் ஏற்றுவார்கள். அம்மாவுக்கு அது போதவில்லை.

"நீ பதிமூணு கிலோ இருந்த. பதிமூணு கிலோ வெல்லத்துக்கு சாமி என்னாத்துக்கு எறங்கி வரப்போவுது? அதான் உங்கப்பாவ ஏத்துறேன்னுட்டேன். வீட்டுல அவருதான் வெயிட்டு."

அப்போது அப்பா அறுபத்திரண்டு கிலோ.

அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். தட்டைச் சமமாக்கும் கடைசி உருண்டையை, யாருக்காக வேண்டினார்களோ அவர் கையால் வைக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் அது என் கை.

இருபத்து மூன்று வருடம் தள்ளிப்போனது. முதலில் லீவு கிடைக்கவில்லை. பிறகு சுனாமி. பிறகு தானே புயல். தானேவுக்குப் பின் நாற்பது நாள் அப்பா தூங்க மட்டுமே வீட்டுக்கு வந்தார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு கம்பம் ஏறினார். அந்த நாற்பது நாளைப் பற்றி அவர் பேசாமல் ஒரு மாதம் போனதில்லை. அடுத்த வருடமே ஏணி சறுக்கி முழங்கால் போயிற்று. செக்‌ஷன் ஆபீசில் புகார் போன் எடுக்கும் நாற்காலியில் உட்காரவைத்தார்கள். "எங்க தெருவுல கரண்ட் எப்ப வரும்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லும் வேலை. பதினோரு வருடத்தில் எழுபது கிலோ நூற்று முப்பத்தெட்டு ஆனது. சர்க்கரை வந்தது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்தது. மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்கும் மெஷின் ஒன்று வாங்கினோம்.

நான் சிதம்பரத்தில் இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தேன். மாதம் ஒருமுறை அப்பா முறுக்கும் துணியும் எடுத்துக்கொண்டு ஹாஸ்டலுக்கு வருவார். "கேட் கிட்டயே இருங்கப்பா. முழங்காலோட நடக்க வேணாம். நானே வரேன்" என்பேன். நான்கு வருடமும் அவர் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில்தான் நின்றார். என் அறைத்தோழிகள் யாரும் அவரைப் பார்த்ததில்லை. அதற்கும் முழங்காலுக்கும் சம்பந்தமில்லை.

இப்போது சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் எடைக் கருவிகளைச் சரிபார்க்கிறேன்.

2024 ஜூலையில் மூவரும் சிதம்பரத்துக்கு ஒரு டாக்டரைப் பார்க்கப் போனோம். எடை குறைக்கும் அறுவை சிகிச்சைக்காக. தேடிக் கண்டுபிடித்தது நான். டாக்டர் தாளில் படம் வரைந்து காட்டினார். இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்துவிடுவார்களாம். மிச்சம் ஒரு வாழைப்பழம் அளவுக்கு இருக்கும். கொஞ்சம் சாப்பிட்டாலே நிறைந்துவிடும்.

அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. "டிரான்ஸ்ஃபார்மர்ல லோடு ஜாஸ்தியானா கனெக்‌ஷனக் கொறைக்கிற மாதிரி."

அம்மா படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கெட்டுப்போனது முழங்காலு. நல்லா இருக்குற வயித்த எதுக்கு டாக்டர் வெட்டணும்?"

டாக்டர் சிரித்தார். பொறுமையாக விளக்கினார். அம்மா மறுபடியும் கேட்டாள்: "பசிச்சா என்னா பண்ணுவாரு?"

"பசியே கம்மியாயிடும்மா."

டாக்டர் நல்ல செய்தியாகத்தான் சொன்னார். அம்மா எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

பஸ் ஸ்டாண்டில் அப்பா கேட்டார்: "மலரு, நீ என்னா சொல்ற?"

அம்மாவின் பெயர் மலர்க்கொடி. "நான் என்னா சொல்றது? டாக்டரு படிச்சவரு. உங்க பொண்ணு இன்ஜினியரு."

"அது கெடக்கு. நீ எல்.சி. குடு. அப்பதான் படுப்பேன்."

எல்.சி. என்றால் லைன் கிளியர். துணை மின்நிலையத்தில் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, இனி நீ கம்பத்தில் ஏறலாம் என்று கொடுக்கும் அனுமதி. அது கைக்கு வராமல் அப்பா ஒருநாளும் கம்பியைத் தொட்டதில்லை. வாங்காமல் தொட்ட இரண்டு பேரை அவருக்குத் தெரியும். இரண்டு பேரும் இல்லை.

அம்மா யோசித்தாள். பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது சொன்னாள்: "துலாபாரம் பாக்கி இருக்கு. அத வெச்சிக்கினு கத்திக்குக் கீழ படுக்கக் கூடாது. அத முடிச்சிட்டு வாங்க, சரிங்கிறேன்."

நான் குறுக்கிட்டேன். "ஆபரேஷன் முடியட்டும்மா. ஒரு வருஷத்துல எம்பத்தஞ்சுக்கு வந்துடுவாரு. அப்புறம் ஏத்தலாம்."

"அம்பது கிலோவக் கொறைச்சிக்கினு போயி சாமி முன்னாடி நிக்கிறதா? அது என்ன ரேஷன் கடையா, எடை கொறைச்சுப் போட?"

அப்பா பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "வுடு பாப்பா. உக்காந்துட்டுப் போறேன்."

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனோம். பண்ருட்டியிலிருந்து ஐந்து சிப்பம் வெல்லம். சிப்பத்துக்கு முப்பது கிலோ. அப்பாவோடு வேலை செய்யும் எழிலன் வண்டி ஏற்பாடு செய்து கூடவே வந்தார். என் கைக்கென்று நல்ல உருண்டை ஒன்றைப் பொறுக்கி, அப்பாவின் கைக்குட்டையில் முடிந்து பையில் வைத்திருந்தாள் அம்மா.

கோயிலில் நல்ல கூட்டம். தராசு மண்டபத்து உத்திரத்திலிருந்து சங்கிலியில் தொங்கியது. அப்பா புது வேட்டியில், வெறும் மார்போடு, தட்டில் உட்கார்ந்தார். தட்டு தரையில் அழுந்தியது. கூட்டம் நெருங்கி வந்தது.

"சங்கிலி தாங்குமா சாமி?" என்று யாரோ கேட்டார்கள். சிரிப்பு எழுந்தது. போன்கள் உயர்ந்தன.

எழிலன் சத்தமாகச் சொன்னார்: "மாமா, கெட்டியாப் புடிச்சிக்க. சப்ளை கட் பண்ணியாச்சு."

அப்பாவும் சிரித்தார். இரண்டு கையையும் மார்புக்குக் குறுக்கே வைத்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சங்கிலி அரை டன் தாங்கும். பார்த்ததுமே எனக்குத் தெரியும். கேட்டவரிடம் சொல்லியிருக்கலாம். நான் பின்னால் நகர்ந்தேன். கூட்டத்தின் விளிம்புக்கு வந்தேன். பிறகு செருப்பு விடும் இடம் வரை போனேன். அங்கே என் வயதுப் பெண் ஒருத்தி படிக்கட்டில் ஏறி நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ பெரிய ஆளு பாருங்களேன். உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"இல்லைங்க" என்றேன்.

ஒரு சிப்பம், இரண்டு, மூன்று, நான்கு. தட்டு அசையவில்லை. ஐந்தாவதை வைத்ததும் அப்பாவின் தட்டு சட்டென்று மேலே எழும்பியது. கூட்டம் கோவிந்தா போட்டது. "கம்பத்துல ஏறின மாதிரி இருக்குடா எழிலா!" என்றார் அப்பா. பதினோரு வருடத்துக்குப் பிறகு எல்லாத் தலைகளுக்கும் மேலே இருந்தார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

மைக்கில் பட்டர் கூப்பிட்டார். "குழந்தை இளமதி எங்கே இருந்தாலும் தராசண்டை வரவும். இளமதி."

அந்தப் பெண் இன்னும் என் பக்கத்தில் நின்றாள். நான் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். மறுமுனையில் யாரும் இல்லை.

அப்பா மேலேயிருந்து கூட்டத்தைத் துழாவினார். என்னைக் கண்டார். போனைக் கண்டார். நான் அவரைப் பார்ப்பதையும் கண்டார். பிறகு அவரே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். கையை ஆட்டவில்லை. கூப்பிடவில்லை.

ஐந்தாவது சிப்பத்திலிருந்து உருண்டை உருண்டையாக எடுத்துக் குறைத்தார்கள். மூன்று முறை என் பெயர் மைக்கில் வந்தது. அடுத்த வேண்டுதல்காரர்கள் காத்திருந்தார்கள். கடைசியில் பட்டரே ஓர் உருண்டையை எடுத்து வைத்துத் தட்டைச் சமமாக்கினார்.

வண்டியில் திரும்பினோம். அப்பாதான் ஆரம்பித்தார். "ஃபேக்டரிலேருந்து போனு அவளுக்கு. நான்தான் போயிப் பேசுன்னேன்."

"தராசுல உக்காந்துகினு சொன்னீங்களா?" என்றாள் அம்மா.

"கை காட்டினேன்."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் ரோட்டோரத்து முந்திரித் தோப்பைப் பார்த்தேன்.

அம்மா எல்.சி. கொடுக்கவில்லை. "யாருக்காக வேண்டினமோ அவ கை படல. இது சேராது."

செய்ய வேண்டியது எளிது. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போவது. அப்பா ஒரே ஒருமுறை அதைப் பற்றிப் பேசினார். "மறுபடியும் வேணாம் மலரு. ஒரு தடவ உக்காந்தாச்சு." சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அங்கேயேதான் இருந்தேன். வாங்கப்பா, இந்த முறை நான் பக்கத்திலேயே நிற்கிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் போன முறை எங்கே நின்றேன் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கும்.

அதற்குப் பதில் லேப்டாப்பைத் திறந்தேன். ஆயிரம் பேரில் ஒருவர் அல்லது இருவருக்குத்தான் உயிராபத்து என்று அம்மாவுக்குக் காட்டினேன்.

"அந்த ஒருத்தரு இவரா இருந்தா?"

"ஆபரேஷன் இல்லாம இருந்தா ஆபத்து அதைவிட ஜாஸ்திம்மா."

"வேண்டுதல் முடியட்டும்."

மூடநம்பிக்கை என்று கத்தினேன். அந்தச் சொல் எனக்கு வசதியாக இருந்தது. வாரா வாரம் சொன்னேன். சிதம்பரத்திலிருந்து தேதி கேட்டு இரண்டு முறை போன் வந்தது. "வீட்ல ஒத்துக்க மாட்டேங்கிறாங்க" என்று பழியை அம்மா மேல் போட்டேன்.

மழைக்காலம் வந்தது. நவம்பரில் ஒரு புயல் நாளில் அப்பா முப்பது மணி நேரம் போன் நாற்காலியை விட்டு எழவில்லை. ஊரே அவரைத் திட்டியது. "வந்துடும் தம்பி, ஆளு கம்பத்து மேலதான் இருக்காங்க" என்று எல்லோருக்கும் ஒரே குரலில் பதில் சொன்னாராம். எழிலன் சொன்னார்.

பிப்ரவரியில் ஒரு காலை அம்மா காபி கொண்டுபோனாள். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. மூக்கில் மாட்டும் குழாய் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்தது.

அறுவை சிகிச்சை செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நிரூபிக்க முடியாது. நான் படித்த படிப்பு அதை எனக்குச் சொல்கிறது. ஆறுதலாக இல்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் போனார்கள். அம்மா அப்பாவின் காக்கிச் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரில் உட்கார்ந்தேன். போன் வரவில்லை என்று சொன்னேன். செருப்பு விடும் இடத்தில் நின்றதைச் சொன்னேன். அந்தப் பெண் கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அம்மா மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்" என்றாள்.

"அப்பா சொன்னாரா?"

"அவரு பாத்த பக்கம் நானும் பாக்க மாட்டனா? முப்பது வருஷமா அதானே வேல." சட்டையின் பொத்தானைப் போட்டாள். "நீ என்னா சொன்னேங்கிறதுதான் தெரியாது. அது இப்பத்தான் தெரியுது."

என்னால் நிமிர முடியவில்லை.

"நீயா வந்து, வாம்மா மறுபடியும் போலாம்னு ஒரு வார்த்த சொல்லுவேன்னு இருந்தேன். சொல்லியிருந்தா அன்னைக்கே சரின்னிருப்பேன். போகக்கூட வேணாம். நீ கம்ப்யூட்டரத் தொறந்து தொறந்து காட்டின."

"நீ என்னைக் கேட்டிருக்கலாம்லமா?"

"அவரு கேக்கக் கூடாதுன்னுட்டாரு. பாப்பாவுக்கு வெக்கமா இருக்கு, வுடு மலருன்னாரு." அம்மாவின் கை இப்போதுதான் நின்றது. "நானும் புடிவாதமா இருந்துட்டேன். எல்.சி. எங்கையிலதான இருந்துது."

எழுந்து உள்ளே போனாள். அரிசி டிரம்மைத் திறக்கும் சத்தம் கேட்டது. கைக்குட்டை முடிச்சைக் கொண்டுவந்து எனக்கு முன்னால் தரையில் வைத்தாள். அவிழ்த்தேன். அந்த உருண்டை. ஆறு மாதத்தில் நிறம் கறுத்து, ஓரத்தில் கசிந்திருந்தது.

"வெளிய வெக்காத. எறும்பு வந்துடும்" என்றாள்.

மறுநாள் தொழிற்சாலைக்கு எடுத்துப்போனேன். மதிய இடைவேளையில், பக்கத்தில் யாரும் இல்லாதபோது, அன்று காலை நானே சரிபார்த்த தராசில் வைத்தேன். நானூற்று இருபது கிராம். நூற்று முப்பத்தெட்டு கிலோவில் அது அரை சதவீதம்கூட இல்லை. எங்கள் ஆலையில் அவ்வளவு வித்தியாசத்தை யாரும் குறித்துக்கூட வைக்க மாட்டார்கள்.