முழங்காலை அளந்த இழை

என் வலது முழங்காலைத் தினமும் ஒரு பட்டு இழையால் அளந்த வாரம் அது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசி. பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து நாளெல்லாம் மிதித்ததில் முழங்கால் வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் அதை டேப்பால் அளந்து சீட்டில் குறித்து, மாத்திரையும் வெந்நீர் ஒத்தடமும் சொன்னார். "ஒரு வாரத்துல வீக்கம் ஏறினா மெட்ராசுக்குப் போய் ஊசி போட்டு நீரை எடுக்கணும்" என்றார். எனக்கு ஊசி மட்டும்தான் காதில் விழுந்தது. அதுவும் தறியில் ஊடை நூலோடு ஓடும் நாடாக்கட்டை பருமனுக்கு.

வீட்டுக்கு வந்ததும் முறுக்குப் பட்டு இழை ஒன்றை முழங்காலைச் சுற்றிப் பிடித்து, முனைகள் சேரும் இடத்தில் அறுத்துக்கொண்டேன். காலையில் ஒத்தடம் முடிந்த கையோடு, ஈரக் காலிலேயே அளப்பேன். இரண்டாம் நாளே முனைகள் சேரவில்லை. ஐந்தாம் நாள் நடுவில் ஒரு விரல் இடைவெளி. வலி என்னவோ குறைந்துதான் இருந்தது. கால் செத்துக்கொண்டிருப்பதால் வலி தெரியவில்லை என்று நானே வைத்தியம் படித்து முடித்தேன். தறியை மச்சானுக்கு எழுதி வைத்துவிடலாம் என்றேன். "முட்டி வலிக்கு எவனாவது உயில் எழுதுவானா?" என்ற என் மனைவி, மெட்ராசுக்குப் பையையும் கட்டிவிட்டாள்.

ஏழாம் நாள் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து கம்பவுண்டரிடம் இழையைக் காட்டினேன். பேசுவதைவிட முறைப்பது அதிகம் அவருக்கு. தரையில் மண்டியிட்டு டேப்பால் அளந்தார். சீட்டைப் பார்த்தார்.

"நல்லா வத்தியிருக்குதுபா. ஊசியும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"அப்போ இந்த இழை?"

"ஈரத்துல அளந்தியா? நெய்யறவன்தானே நீ? முறுக்கு நூலு நனைஞ்சா சுருங்கும்னு மருந்து கலக்கறவன் வந்து சொல்லணுமா?"

பெஞ்சே சிரித்தது. அதிகம் சிரித்தவள் பையோடு நின்ற என் மனைவி.

"வலி பொய் இல்லபா" என்றார் அவர், சிரிக்காமல். "உக்கார்ற பலகையை ஒசத்து. மணிக்கு ஒருவாட்டி குழியை விட்டு ஏறி நட. காலை நேரா நீட்டித் தூக்கித் தூக்கி இறக்கு. மாத்திரையை வெறும் வயித்துல போடாத."

பிறகு எழ முயன்றார். முடியவில்லை. என் வலது முழங்கால்மேலேயே கையை ஊன்றி, முழுப் பாரத்தையும் கொடுத்து எழுந்தார். கத்துவதற்கு வாயைத் திறந்தேன். வலிக்கவில்லை.

"உங்களுக்கும் முட்டி வலியா சார்?"

"பத்து வருசமா."

இப்போது எனக்கு அன்றைய அவர் வயது. பலகையை உயர்த்தியதால் தறியை விடாமல் இருக்கிறேன். அன்று அவர் எழும்போது நான் கை கொடுத்திருக்கலாம். வாயைத் திறப்பதிலேயே மும்முரமாக இருந்துவிட்டேன்.