முதல் முறை செய்பவர்களுக்கு

வாழைப்பழம் உரிக்க யாராவது குறிப்பு எழுதிக் கொடுத்தால், என் அத்தான் அதையும் முழுதாகப் படித்துவிட்டுத்தான் உரிப்பார் என்று வீட்டில் கேலி செய்வேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான், ஆனால் சொன்னதில் பொய் இல்லை. புது மிக்ஸி வந்தால் மற்ற வீடுகளில் உடனே எதையாவது போட்டு அரைத்துப் பார்ப்பார்கள். அத்தான் பெட்டிக்குள் இருக்கும் சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிடுவார். அவர் கடைசிப் பக்கத்துக்கு வரும்வரை அக்கா உரித்த வெங்காயத்தோடு காத்திருக்க வேண்டும்.

தண்ணீர் சுத்திகரிக்கும் நிலையத்தில் அவருக்கு வேலை. எவ்வளவு தண்ணீருக்கு எவ்வளவு குளோரின் என்று அங்கே சுவரில் ஓர் அட்டவணை தொங்கும். பல வருடங்களாக அதே வேலையைச் செய்தும், ஒவ்வொரு முறையும் அட்டவணையைப் பார்த்துவிட்டுத்தான் குழாயைத் திருகுவார். "கண்ணளவு போதும் சார்" என்று சொன்ன ஒருவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அங்கே அவருக்கு 'முறைப்படி' என்றே பெயர். முறைப்படி வந்துட்டாரா, முறைப்படி சாப்பிடப் போயிட்டாரா என்று காதுபடவே கேட்பார்கள். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை.

அவருக்கு இப்படியொரு மகள் எப்படித்தான் பிறந்தாளோ. பாப்பா என்றுதான் கூப்பிடுவோம், இருபத்தாறு வயதிலும் பாப்பாதான். அவள் எதையும் முதலில் கழற்றிவிடுவாள், அப்புறம்தான் யோசிப்பாள். அத்தானுடைய பழைய கார் ஒருநாள் வழியிலேயே நின்றுவிட்டது. எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்று கணக்குப் பார்த்துச் சொல்லும் ஈசியூ பெட்டி எரிந்துபோயிருந்தது. இந்த மாடலுக்கு இப்போது பெட்டியே வருவதில்லை என்று தெருமுனை மெக்கானிக் கையை விரித்தார். காரை இரும்புக் கடைக்குத் தள்ளிவிடலாம் என்று அக்கா சொன்னாள். பாப்பா கேட்கவில்லை. எந்த எஞ்சினுக்கும் பொருத்திக்கொள்கிற மாதிரி வேறொரு கம்பெனி செய்யும் ஈசியூ ஒன்றை வரவழைத்துவிட்டாள்.

"காரோட வர்ற பெட்டிக்கு எல்லாம் தெரியும் சித்தி. இதுக்கு ஒண்ணுமே தெரியாது. நாமதான் ஒவ்வொண்ணா சொல்லிக் குடுக்கணும்" என்றாள்.

எப்படிச் சொல்லிக் கொடுப்பாள் என்று பார்க்க நானும் ஒருமுறை பின்சீட்டில் உட்கார்ந்து போனேன். லேப்டாப் திரை முழுக்கக் கட்டம் கட்டமாக எண்கள். எஞ்சின் இந்த வேகத்தில் சுற்றும்போது, அதன்மேல் இவ்வளவு பாரம் விழும்போது, இவ்வளவு பெட்ரோல் என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். கார் அந்த வேகத்தில் அப்படியே போய்க்கொண்டிருந்தால், புகைக்குழாயில் மாட்டிய சென்சார் பெட்ரோல் கூடுதலா குறைவா என்று காட்டும். அதைப் பார்த்து அந்த எண்ணைத் திருத்த வேண்டும். பிறகு அடுத்த கட்டம். பாப்பா முன்சீட்டில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு "இதே வேகம்ப்பா... இதே... இதே..." என்பாள். அத்தான் ஓட்டுவார். வேகமுள்ளைப் பசைபோட்டு ஒட்டியதுபோல் நிறுத்தி வைப்பார். எனக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"அப்பா மாதிரி டிரைவர் எங்க தேடினாலும் கிடைக்காது சித்தி. நான் தும்மினாகூட காலை அசைக்க மாட்டேங்கிறாரு!"

அத்தான் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துச் சிரித்தார். ஆயுள் முழுக்க எங்கள் கேலிக்கு ஆளான குணத்தை மெச்சிப் பேசிய ஒரே ஆள் அவள்தான். அதன்பிறகு மாலையில் வேலை முடிந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் சாவியை எடுத்துக்கொண்டு நிற்பார். அந்தக் கட்டங்களை அப்பாவும் மகளும் அப்படி ஓட்டி ஓட்டித்தான் நிரப்பினார்கள்.

எல்லாம் முடிந்தபோது அந்தக் காருக்கென்று ஒரு சத்தம் வந்திருந்தது. ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் உரக்க உறுமும், பிறகு படியிறங்குவதுபோல் இரண்டு தடவை இறங்கி, ஒரு சின்ன நடுக்கத்தோடு நிற்கும். நடுக்கத்தைச் சரிசெய்யலாமே என்று மெக்கானிக் சொன்னார். "இருக்கட்டும், அது அதோட குணம்" என்று பாப்பா விட்டுவிட்டாள். பாக்கி இருந்தது ஒன்றுதான். நல்ல குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது எவ்வளவு பெட்ரோல் கூட்ட வேண்டும் என்ற எண்கள். "எஞ்சின் சில்லுனு ஆறியிருந்தாத்தான் அதைப் பார்க்க முடியும்ப்பா. ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணிட்டா அன்னிக்கு அவ்வளவுதான். குளிர் வரட்டும், தினமும் காலையில பார்த்துக்கலாம்" என்றாள்.

குளிர் வருவதற்குள் அவள் போய்விட்டாள். நுரையீரலில் நோய். அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

அவளுடைய லேப்டாப் அவள் வேலை பார்த்த கம்பெனியுடையது. வந்து வாங்கிக்கொண்டு போனார்கள், எல்லாவற்றையும் அழித்து வேறொருவருக்குக் கொடுத்தும்விட்டார்கள். உடுப்புகளை அக்கா யார் யாருக்கோ கொடுத்தாள். கார் மட்டும் வாசலில் நின்றது. அத்தான் காலையில் வேலைக்குக் கிளம்பி அதை ஸ்டார்ட் செய்யும்போது, அக்கா சமையலறையில் செய்துகொண்டிருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு நின்று கேட்பாள். உறுமல், ஒரு படி, இன்னொரு படி, நடுக்கம். "எழுந்துட்டா" என்று ஒருநாள் தனக்குத்தானே சொன்னாள். நான் கேட்காததுபோல் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டேன்.

குளிர் வந்ததும் கார் மக்கர் செய்தது. இருமும், குலுங்கும், அணைந்துவிடும். நாலைந்து தடவை முக்கிய பிறகுதான் பிடிக்கும். அக்கா ஒருநாள் பாத்திரத்தைத் தொப்பென்று வைத்துவிட்டு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"அது மூச்சுக்குத் திணர்றதை என்னால கேட்டுட்டு இருக்க முடியலைங்க. ஏதாவது பண்ணுங்க."

மெக்கானிக்கிடம் விடலாமே என்றேன். "அவ கை வெச்சதுல வேற ஆள் கை வைக்க வேணாம்மா. பாக்கி ஒண்ணுதானே, நானே கத்துக்கிறேன்" என்றார் அத்தான். பழைய லேப்டாப் ஒன்றை வாங்கினார். பெட்டி விற்ற கம்பெனி 'முதல் முறை செய்பவர்களுக்கு' என்று ஒரு கையேடு போட்டிருந்தது. அதை அச்செடுத்து, நூலால் தைத்து, பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் இந்த முறை கேலி செய்யவில்லை.

ஒரு விடுமுறை நாள் காலை என்னைச் சாவி திருகுவதற்காக ஓட்டுநர் சீட்டில் உட்காரவைத்தார். தான் கதவோரம் முக்காலி போட்டு உட்கார்ந்து, கையேட்டின் முதல் வரியிலிருந்து தொடங்கினார். கேபிளைச் செருகினார், டிக் அடித்தார். மென்பொருளைத் திறந்தார், டிக். அடுத்த வரியை வாய்விட்டே படித்தார்: கம்பெனி தந்திருக்கும் ஆரம்ப மேப்பைத் திறக்கவும். எந்த எஞ்சினும் எப்படியாவது ஸ்டார்ட் ஆகிற மாதிரி கம்பெனியே கட்டங்களில் போட்டுத் தரும் பொது எண்கள் அவை. லேப்டாப்பில் மட்டும்தானே திறக்கிறோம் என்று நினைத்துத் திறந்தார். உடனே திரை ஒரு கேள்வி கேட்டது. லேப்டாப்பில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் வேறுவேறாக இருக்கின்றன, எது வேண்டும்?

அத்தான் கையேட்டைப் பார்த்தார். அதற்கும் பதில் இருந்தது. இந்தக் கேள்வி வந்தால், லேப்டாப்பில் இருப்பதைப் பெட்டிக்கு அனுப்பி, நிரந்தரமாகச் சேமிக்கவும். அனுப்பினார், சேமித்தார், டிக் அடித்தார்.

"ம், இப்போ திருகும்மா."

திருகினேன். ஒரே சுற்று! இருமல் இல்லை, குலுங்கல் இல்லை, வெண்ணெயில் கத்தி இறங்கியதுபோல் பிடித்துக்கொண்டது. அத்தான் முக்காலியிலிருந்து துள்ளி எழுந்தார். தீப்பொறி சரியான நேரத்தில் விழுகிறதா என்று காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்து, எஞ்சின் முன்னால் சுழலும் கப்பியின் குறியைப் பார்த்தார். அதுவும் கையேட்டில் இருந்தபடியே சரியாக நின்றது. பாப்பா போனபிறகு அவர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை நான் பார்க்கவில்லை.

"பார்த்தியா? ஒண்ணுமில்ல, முறைப்படி செஞ்சா எல்லாம் வரும்!"

கார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அக்கா ஈரக் கையைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தாள். எங்களைத் தாண்டித் தெருவைப் பார்த்தாள், இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.

"யாருங்க வந்திருக்காங்க? யார் வண்டி அது?"

அத்தான் சிரித்தபடியே அவளைப் பார்த்தார். பிறகு எஞ்சினைப் பார்த்தார். பிறகு குனிந்து திரையைப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். பாப்பாவின் கட்டங்களில் பக்கத்துப் பக்கத்து எண்கள்கூட முன்னே பின்னே இருக்கும், ஒவ்வொன்றும் சாலையில் போய் எடுத்தது. இப்போது இருந்தவை வரிசையாக, வழவழவென்று, யாருக்கும் பொருந்துகிற எண்கள். அந்தக் கையேடு, பெட்டியைக் காலியாக வாங்கி வைத்திருப்பவர்களுக்காக எழுதியது. எங்கள் பெட்டி காலி இல்லை.

அத்தான் கையேட்டை மறுபடி முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினார். நான்தான் மெக்கானிக்குக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

"அனுப்புறதுக்கு முன்னாடி, பெட்டியில இருந்ததை ஒரு காப்பி எடுத்து வெச்சீங்களா சார்?" என்று கேட்டார் அவர்.

"அப்படிப் போடலியேப்பா இதுல" என்றார் அத்தான், பக்கங்களைப் புரட்டிக்கொண்டே. "எங்கயும் போடலியே..."

"போனா போகட்டும் சார். நான் வந்து ஒரே நாள்ல புதுசா போட்டுத் தர்றேன். முன்ன இருந்ததைவிட நல்லாவே ஓடும்."

"நல்லா ஓட வேணாம்ப்பா" என்றார் அத்தான்.

நான் போனை அணைத்தேன். அக்காவுக்கு அதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. கத்தப்போகிறாள், இன்று இந்த மனுஷனை உண்டு இல்லை என்று பண்ணப்போகிறாள் என்று பயந்தேன். அத்தான் அந்தக் கையேட்டை இரண்டு கையாலும் அவள் முன் நீட்டினார்.

"எழுதியிருந்தபடிதாம்மா செஞ்சேன். ஒரு வரி விடல. நீயே பாரு."

அக்கா அதை வாங்கவில்லை. அவர் தோளில் கையை வைத்தாள்.

"தெரியும்ங்க. அவளுக்கும் எழுதிக் குடுத்தபடிதானே எல்லாம் செஞ்சோம். ஒரு வேளை மருந்து விடல."

அத்தான் முக்காலியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். அக்கா அவர் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, சாவியைத் திருகச் சொல்லி எனக்குச் சைகை காட்டினாள். நான் எஞ்சினை அணைத்தேன்.